கிப்பாஸிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எப்படி

ஆதரவில்லாத நாய்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்க்கும் நம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் கையில் இப்போது ஒரு கயிறு இருக்கும். மறுமுனையில் ஒரு நாய் இருக்கும். இரண்டு முனையில் எது அதிகமாக நடுங்குகிறது என்று முதலில் பாருங்கள். என் காலத்தில் பெரும்பாலும் என் முனைதான்.

நான் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பொன்னாடை, மாலை ஒன்றும் கிடையாது. பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையில் ஒரு நாய் பூனையைப் பார்த்து இழுத்த இழுப்பில் முட்டி கழன்றது, அதுதான் பிரிவுபசாரம். அதற்கு முன் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தேன். இயந்திரம் நின்றால் எல்லோரும் ஓடுவார்கள். நான் மட்டும் நின்று ஜோக் அடிப்பேன். பதறாத ஆள் என்று பெயர். உண்மையில் உள்ளே கிடுகிடுவென்று ஆடும். அதை ஜோக்காக மாற்றி வெளியே விட்டுவிடுவேன். இயந்திரத்துக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது, பிழைத்தேன். நாய்க்குத் தெரிந்துவிடும்.

எப்படிக் குளிப்பாட்டுவது, மாத்திரையை எதற்குள் ஒளித்துக் கொடுப்பது என்பதையெல்லாம் நம் நாய் டாக்டர் சொல்லித் தருவார். எனக்கு ஒரே ஒரு நாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதிலும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி.

அவள் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் கிடைத்தவள். யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது பின்கட்டுத் தூணில் குட்டைக் கயிற்றில் கட்டியவளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை நாள் அப்படிக் கிடந்தாள் என்று யாருக்கும் தெரியாது. குட்டைக் கயிற்றில் ஒரு உயிர் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான், சுற்றுவது. கயிற்றை அறுத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பயம் வந்துவிட்டால் வாலைத் துரத்திக்கொண்டு சுற்றுவாள். வால் வாய்க்கு அகப்பட்டால் கடிப்பாள். நுனியில் மயிரே கிடையாது, எப்போதும் கட்டுதான். குழுவில் அவளுக்கு வைத்த பெயர் பியூட்டி. நான் கிப்பாஸ் என்று கூப்பிட்டேன். மலாயில் கிப்பாஸ் என்றால் விசிறி. என் கூடத்தில் மேலே ஒரு விசிறி, கீழே ஒரு விசிறி. நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிக்கொண்டு நான்.

டாக்டர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "அண்ணே, இந்த வால் ஆறலைன்னா எடுக்க வேண்டி வரும். எடுத்தா, பின்னங்காலைக் கடிக்க ஆரம்பிப்பா. காப்பகத்துக் கூண்டுல, அத்தனை குரைப்புக்கு நடுவுல, இவளால தாங்க முடியாது. ஒரு காலைப் பொழுது தனியா இருக்கப் பழகினாத்தான் ஒரு வீடு இவளை எடுக்கும். அதுவரைக்கும் பார்த்துக்கிறதுதான் உங்க வேலை."

இந்த டாக்டர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பக்கத்துத் தெருக் கடைவீட்டில் கிளினிக். என் ஜோக்குக்கு ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

என் வீடு ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீடு. முன்பு இரண்டு பேர் இருந்தோம். ஒரு நாள் காலையில் என் மனைவி பெட்டியோடு வாசலில் நின்று "நான் போறேன்" என்றாள். ஜோகூரில் தங்கை வீட்டுக்கு. வெளியே வண்டி காத்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு மனுஷன் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. நான் சொன்னது இது: "போறேன்னு சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லு."

பரீட்சைத் தாளைத் திருத்தும் வாத்தியார் மாதிரி. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். வண்டியில் ஏறினாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்ப ஆள் இல்லை. பூட்டுவேன், போவேன், வருவேன், திறப்பேன். கிப்பாஸ் வந்த மறுநாள் காலையில் ரொட்டி வாங்கக் கிளம்பினேன். சாவியை எடுத்து, செருப்பை மாட்டி, கதவில் கை வைத்ததும் வாய் தானாகச் சொன்னது: "போயிட்டு வரேன்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் காதைத் தூக்கிப் பார்த்தாள். சொல்ல ஒரு ஆள் இருக்கிறது! ரொட்டிக் கடை வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ரத்தத் துளி தெறித்திருந்தது. மூலையில் சுருண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

பாவம், பயந்திருக்கிறாள், தைரியம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னேன். அதற்கு மறுநாள் குனிந்து, தலையைத் தடவிச் சொன்னேன். போகப் போக என் விடைபெறல் ஒரு மேடைப் பேச்சு மாதிரி நீண்டது. வால் மோசமாகிக்கொண்டே போனது.

டாக்டர் கட்டு மாற்றும்போது கேட்டார். "வெளிய போறப்ப என்ன பண்றீங்க? இங்கயே செஞ்சு காட்டுங்க."

கிளினிக்கில் நடித்துக் காட்டினேன். நடிப்பு என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? சாவியைக் குலுக்கினேன். செருப்பைத் தேடினேன். அவள் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வரேன், என்ன? சீக்கிரம் வந்துருவேன். பயப்படக் கூடாது. இந்தா வரேன், அங்க போறேன், வந்துருவேன். வரேன், வரட்டா? வரேன்டி கண்ணு..." என்று இழுத்துக்கொண்டிருந்தேன். காலடியில் கட்டுப் போட்ட வால் சுழல ஆரம்பித்தது.

டாக்டர் அவளைப் பிடித்து நிறுத்தி மடியோடு அணைத்துக்கொண்டார். "இத்தனை தடவை வரேன் வரேன்னு சொன்னா எனக்கே பயமா இருக்கு அண்ணே. எங்கயோ சண்டைக்குப் போறவரு மாதிரி இருக்கு."

"தைரியம் சொல்றேன் டாக்டர்."

"அவளுக்குத் தமிழ் தெரியாது. 'வரேன்'னா என்ன நடக்கும்னுதான் தெரியும். 'வரேன்'னா நீங்க காணாம போவீங்க. இனிமே சொல்லாம போங்க."

"சொல்லாம போறதா?" எனக்குச் சுருக்கென்றது. "அது சாவு வீட்டுல பண்றது டாக்டர்."

"தெரியும். எங்க வீட்டுல 'போட்டு வாறன்'னு சொல்லுவோம். சாவு வீட்டுல நாங்களும் சொல்ல மாட்டோம்." கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். "ஆனா நாய்க்கு அந்தக் கணக்கெல்லாம் இல்ல. உங்களுக்குத்தான்."

நான் உடனே கேட்டு நடந்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலை இருந்திருக்காது. சொல்தானே பிரச்சினை, சொல்லை மாற்றினால் போதும் என்று குறுக்கு வழி பார்த்தேன். முதலில் டாக்டர் வீட்டுப் "போட்டு வாறன்". சுற்றினாள். மலாய்க்குப் போனேன், "பெர்கி டூலு". இரண்டு நாள் ஏமாந்தாள், மூன்றாம் நாள் சுற்றினாள். "பை பை". சுற்றினாள். இங்கத்துச் சீனர்கள் பேசும் ஹொக்கியென்னில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டுப் பெயர்களும் சபையில் சொல்ல முடியாத சிலவும்தான். ஒரு காலையில் கதவருகே நின்று, மிகுந்த மரியாதையோடு, "சார் கொய் தியாவ்" என்றேன்.

பினாங்கிலேயே சார் கொய் தியாவ் என்ற நூடுல்ஸின் பெயரைக் கேட்டுக் கதிகலங்கிய நாய் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அதற்கப்புறம் அதை விற்கும் கடை வாசலில் அவளோடு போகும்போது நான் வாயே திறப்பதில்லை.

சொல்லில் ஒன்றும் இல்லை, தம்பிகளா. எந்த மொழியில் சொன்னாலும் தொண்டை அதே தொண்டை. விட்டுவிட்டுப் போகிறவனின் தொண்டை.

எனக்கு உறைத்தது நடுக்கடலில்தான். அக்கரையில், பாகான் டாலாமில் என் பழைய தொழிற்சாலை நண்பன் வீட்டில் நிச்சயதார்த்தம். அன்றைக்கு டாக்டர் சொன்னபடி ஒன்றும் பேசாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். கூடத்தில் ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தேன். கைப்பேசியில் அவளைப் பார்க்கலாம், பொத்தானை அழுத்தினால் என் குரலும் அங்கே கேட்கும். பெர்ரி கரையை விட்டு நகர்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். படுத்திருந்தாள். நல்ல பிள்ளை. மறுபடி பார்த்தேன். எழுந்து நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாக முனகினாள்.

அவ்வளவுதான் நடந்தது, ஒரு முனகல். அதற்கே பொத்தானை அழுத்தினேன். "இந்தா வரேன்! வரேன்டி! வந்துகிட்டே இருக்கேன்!"

யாரும் இல்லாத வீட்டில், அலமாரி மேலிருந்து, என் குரல். அதுவும் அந்தச் சொல். அவள் சுழன்ற சுழற்சியில் திரையில் நாயே தெரியவில்லை, ஒரு பழுப்பு வட்டம்தான் தெரிந்தது. கட்டு பறந்து போய்ச் சுவரில் அடித்தது. நான் இன்னும் பலமாகக் கத்தினேன். "வரேன், வரேன்!" பெர்ரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர், "அனாக் கா?" என்று கேட்டார், பிள்ளையா என்று. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் எட்டித் திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பையிலிருந்து திறக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

டாக்டருக்கு அடித்தேன். "டாக்டர், ரத்தம் வருது, பக்கத்து வீட்டுல சொல்லிக் கதவை உடைக்கச் சொல்லவா? கடல்ல இருக்கேன், என்னால..."

"இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"வரேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"முதல்ல வாயை மூடுங்க அண்ணே."

"இல்ல டாக்டர், அவ..."

"கேமராவை அடைச்சிருங்க. போனைப் பாக்கெட்ல போடுங்க. தெரியாத ஆளு கதவை உடைச்சா அவ ரோட்டுக்கு ஓடிருவா. நீங்க கடல்ல இருக்கீங்க, ஒண்ணும் பண்ண முடியாது. ஒண்ணும் பண்ணாம இருக்கிறதும் வேலைதான். அதைச் செய்யுங்க."

கேமராவை அடைத்தேன். அதைவிடக் கனமான பொத்தானை நான் அழுத்தியதில்லை. பெரியவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன், பாதி சட்டையில். பட்டர்வொர்த்தில் இறங்கி அடுத்த பெர்ரியில் திரும்பினேன். நிச்சயதார்த்தத்துக்குப் போகாததற்கு நண்பன் இன்றும் திட்டுகிறான். நாய்க்காகப் போகவில்லை என்று சொன்னால் இன்னும் அதிகமாகத் திட்டுவான் என்பதால் வயிற்றுப்போக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போனால் அவள் மேசைக்கடியில் என் பழைய செருப்பில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாலில் ரத்தம் உறைந்திருந்தது. கேமராவில் பதிவாகியிருந்ததை டாக்டரோடு உட்கார்ந்து பார்த்தேன். முனகிவிட்டு மறுபடி படுக்கத்தான் முன்னங்காலை மடக்கியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து என் குரல். டாக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்த இடத்தைத் திரும்பப் போட்டார், அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பயந்த நாய்க்குத் தைரியம் சொல்ல வாய் திறக்கும்போது, யாருக்குச் சொல்கிறோம் என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் சொன்னதெல்லாம் எனக்கு. சொல்லிவிட்டுப் போனால் அந்த வீட்டில் யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஆகிறது. அதற்கு அவள் வாலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கேமராவைக் கழற்றினேன். தினமும் என் வீட்டிலிருந்து சாவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோலக் கிளம்பக் கற்றுக்கொண்டேன். முகம் பார்க்காமல், சொல்லாமல், சாவிச் சத்தம் இல்லாமல். வெளியே வந்து கதவைச் சாத்தி, காதை மரத்தோடு ஒட்டிவைத்து நிற்பேன். உள்ளே நகம் தரையில் கீறும் சத்தம் வட்டமாக வந்தால், அன்றைக்குத் தோல்வி. வராவிட்டால் உள்ளே போய்ச் சும்மா பேப்பர் படிப்பேன். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே.

எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். "லூப்பா ஆப்பா, அங்கிள்?" என்று கேட்பார், என்ன மறந்துவிட்டீர்கள் என்று. "குடை," என்பேன். அடுத்த தடவை "கண்ணாடி". அதற்கடுத்து "மூளை, ஆன்ட்டி, மூளை". அவர் நான் சொல்வதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு நாள் ஞாபக சக்திக்கு ஏதோ சூப் செய்து கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு ஒரு காலையில் காதை வைத்தால் சத்தமே இல்லை. சந்தைக்குப் போய்வந்தேன், சத்தம் இல்லை. செத்துவிட்டாளோ என்று பதறி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள். வால் தரையில், கட்டு இல்லாமல், சாதாரண வாலாகக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டியவன்தான், பட்டேன். கூடவே லேசாக ஒரு கோபமும் வந்தது. நான் இல்லாவிட்டால் இவளுக்கு ஒன்றும் இல்லையாமே! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆன்ட்டி கேட்டார். "சாவி," என்றேன்.

அவளை எடுக்க அக்கரையில், தாசேக் கெலுகோரில் ஒரு வீடு முன்வந்தது. அந்த வீட்டுக்காரத் தங்கச்சி வீட்டிலேயே தையல் தைப்பவர். கணவர் செம்பனை லாரி ஓட்டுகிறார். பல தடவை என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கச்சி கிப்பாஸைத் தொடக்கூட முயலவில்லை. தரையில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். கடைசித் தடவை அவர் துணிப்பையின் மேல் அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். விதிகளை நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கிளம்பும்போது ஒன்றும் சொல்லக் கூடாது. 'வரேன்' என்ற சொல்லே அவள் காதில் விழக் கூடாது. சார் கொய் தியாவும் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். பெரிய கதை என்றேன்.

கொண்டுபோய் விட்ட அன்றைக்குத் தேநீரும் கறிப்பாப் பலகாரமும் கொடுத்தார்கள். தையல் இயந்திரத்துக்குக் கீழே ஒரு பழைய பாய் விரித்திருந்தது. தங்கச்சி தைக்க உட்கார்ந்ததும் கிப்பாஸ் அங்கே போய்ச் சுருண்டாள். மேலே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சுற்றவில்லை.

கிளம்ப வேண்டும். புது வீட்டில் பழக விட வேண்டும், மறுபடி எட்டிப் பார்க்கக் கூடாது என்பது நம் வழக்கம். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தேன். அவளைப் பார்க்காமல் எழுந்தேன். பழகிய வேலைதானே? வாசல்படி தாண்டி, கேட்டுக்குப் பாதி தூரம் வந்துவிட்டேன்.

"அண்ணே!" தங்கச்சியின் குரல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "என்ன அண்ணே, சொல்லாம கொள்ளாம போறீங்க? நல்ல காரியம் நடக்கிற வீட்டுல!"

உள்ளேயிருந்து கணவர், "ஏய், அவருதானே சொல்லக் கூடாதுன்னாரு!"

"நாய்கிட்டதான் சொல்லக் கூடாது. நம்மகிட்ட சொல்லலாம்லா!"

தையல் இயந்திரம் நின்றுவிட்டிருந்தது. திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. தங்கச்சி படியில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் பாயில் கிப்பாஸ் தலையைத் தூக்கி, காதை நிமிர்த்தி, என் வாயையே பார்க்கிறாள்.

"போயிட்டு வரேன்" என்று சொன்னால் இத்தனை மாத வேலையும் அந்த இடத்திலேயே போகும். அதுவும் பொய், நான் வரப்போவதில்லை. உண்மையான சொல் "போறேன்". அதை எந்த வீட்டிலும் சொல்லக் கூடாது. அன்றைக்கு வாசலில் பெட்டியோடு நின்றவள் என்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். நான் அதைப் போய்த் திருத்தினேன்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தொழிற்சாலையில் இயந்திரம் நிற்கும்போது வருமே, அந்தக் குரல் வந்தது.

"கறிப்பாப் நல்லா இருந்துச்சு தங்கச்சி. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்."

"அய்யோ, சாப்பிட்டதும் இல்லாம குறை வேறயா!" தங்கச்சி சிரித்தார். கணவரும் சிரித்தார். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அவள் தலையை மெதுவாகக் கீழே இறக்கி, பாயில் வைத்தாள். வால் அசையாமல் கிடந்தது. கேட்டைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறினேன். பாலத்தைத் தாண்டும் வரை வானொலியைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ரொட்டி வாங்கக் கிளம்பினேன். சாவியைத் தாராளமாகக் குலுக்கினேன். செருப்பைத் தரையில் தட்டிப் போட்டேன். இனிமேல் என்ன தடை? கூடத்தைப் பார்த்து, வாய் நிறைய, "போயிட்டு வரேன்" என்றேன். கதவைச் சாத்தினேன்.

அப்புறம், பழக்க தோஷம், காதைக் கதவில் வைத்தேன்.

சத்தமே இல்லை. இத்தனை மாதமாக நான் கேட்கப் பாடுபட்ட அதே சத்தமின்மை. நகம் இல்லை, முனகல் இல்லை. மேலே விசிறியை நிறுத்தாமல் வந்திருக்கிறேன் போல, அது மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டில் தண்ணீர் விடும் சத்தம் நின்றது. "லூப்பா ஆப்பா, அங்கிள்?"

கதவிலிருந்து காதை எடுத்தேன். குடை, கண்ணாடி, மூளை, சாவி எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"தாக் லூப்பா, ஆன்ட்டி," என்றேன். "எதையும் மறக்கலை."